ஸ்க்ரூ மேல ஒரு சொட்டு நகப்பாலிஷ்

அந்தக்கா கடைக்குள்ள வந்ததும் மொதல்ல கம்ப்யூட்டரப் பாக்க மாட்டாங்க. என் மூஞ்சியப் பாப்பாங்க. நல்லா உத்துப் பாத்துட்டுதான் வாயத் தெறப்பாங்க.

"நான் போனப்புறம் யாரு தம்பி தெறந்தது?"

"யாரும் தெறக்கலக்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. அப்ப இன்னா, எலி வந்து தெறந்துச்சா?"

சொல்லிக்கினே கீழ குந்தி கேபினெட்டுக்குப் பின்னால தலைய உட்டுப் பாப்பாங்க. மூடிய புடிச்சிக்கினு நாலு ஸ்க்ரூ இருக்கும். ஒவ்வொண்ணு மேலயும் ஒரு சொட்டு செகப்பு நகப்பாலிஷ் வச்சிட்டுப் போறது அவங்க பழக்கம். யாராவது ஸ்க்ரூவத் திருப்பினா பாலிஷ் உடைஞ்சி காட்டிக் குடுத்துடும். நானும் எத்தனையோ மெக்கானிக்கப் பாத்துட்டேன். கஸ்டமர் மேல சந்தேகப்பட்டு சீல் வச்சிட்டுப் போனவங்க இவங்க ஒருத்தங்கதான்.

எனக்குப் பத்திக்கினு வரும். என் கடை, என் மிஷினு, நான் தெறக்கக் கூடாதாம். ஆனா வாயத் தெறக்க முடியாது. விழுப்புரத்துல ரயிலடிப் பக்கம் மாடியில நாலு மிஷின வச்சி பிரவுசிங் சென்டர் நடத்திக்கினு இருந்த எனக்கு, திண்டிவனத்துலேர்ந்து பஸ் ஏறி வந்து பாக்கறதுக்கு அவங்கள உட்டா வேற ஆளு கெடையாது. என்னோட சேத்து ஊர்ல ஏழு சென்டருக்கு அவங்கதான் மெக்கானிக்கு. பேரு எழுத மாட்டேன். எழுதினா நாளைக்கே வந்து நின்னு, "எதுக்கு எழுதினீங்க, யாரு எழுதச் சொன்னது?"னு கேப்பாங்க.

எங்க வேல கத்துக்கினாங்கனு யாருக்கும் தெரியாது. முகையூர் பக்கம் பொறந்த வீடு, மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடற குடும்பம், அவ்ளோதான் தெரியும். பாண்டிச்சேரி ஃபேக்டரியில இருந்தாங்கனு ஒருத்தன் சொல்லுவான். டிவி ரிப்பேர் பண்ண அண்ணன் கிட்ட கத்துக்கினாங்கனு இன்னொருத்தன். கேட்டா, "தெரிஞ்சி இன்னா பண்ணப் போறீங்க?"ம்பாங்க. பஸ்ல நின்னுக்கினு வரும்போது உக்காந்திருக்கற பொம்பளைங்க, "பைய குடும்மா, மடியில வச்சிக்கறேன்"னு கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. கூட்டேரிப்பட்டுல கூட்டம் ஏறி நசுக்கினாலும் அந்த டூல்ஸ் பை அவங்க நெஞ்சோடதான் இருக்கும்.

அவங்கள நான் மொதல்ல பாத்தது தொண்ணூத்தாறு வாக்குல. திண்டிவனத்துல ஒரு டிடிபி கடையில டைப் அடிச்சிக்கினு இருந்தேன். மோடம் போட்டு லைனுக்கு டயல் பண்ணா போதும், மவுசு செத்துடும். அம்பு ஸ்கிரீன்ல அப்படியே நிக்கும். மவுச மாத்தியாச்சு, மோடத்த மாத்தியாச்சு, ஓனரு ஜோசியம் பாக்காத கொறதான். இவங்க வந்தாங்க. உள்ள இருந்த கார்டு எல்லாத்தையும் உருவி மேசையில வரிசையா அடுக்கிட்டு, ஒவ்வொண்ணா சொருகி, ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்தாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல ஆளுங்களத் தனித்தனியா கூப்பிட்டு விசாரிப்பாங்க பாருங்க, அதேதான்.

"ஒத்தையில எல்லாவனும் யோக்கியன் தம்பி. சேத்து வச்சாதான் யாரு திருடன்னு தெரியும்"னாங்க.

அன்னைக்குதான் எனக்கு வெளங்கற மாதிரி சொன்னாங்க. கீபோர்டு, மவுசு, மோடம் எதுவா இருந்தாலும், தன்கிட்ட சேதி வந்துட்டா பிராசசரக் கூப்பிடணும். செய்யற வேலய நிறுத்திட்டு என்னப் பாருன்னு மணி அடிக்கற மாதிரி. அந்த மணிக்கு மொத்தமே பதினஞ்சு பதினாறு லைன்தான் உண்டு. அதுலயும் பாதிய மிஷினே எடுத்துக்கும். மிச்சம் இருக்கறத நாம பங்கு போட்டுக் குடுக்கணும். அந்தக் காலத்து கார்டுல சின்னச் சின்ன ஊசி நீட்டிக்கினு இருக்கும், அதுல ஒரு பிளாஸ்டிக் தொப்பிய மாத்தி மாத்திப் போட்டா லைன் நம்பர் மாறும். ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் உழுந்துட்டா ஒருத்தன் ஊமை. அந்தக் கடையில மவுசுக்கும் மோடத்துக்கும் ஒரே நம்பரு. தொப்பிய மாத்தினாங்க, முடிஞ்சுது.

"எந்த ஸ்லாட்டுல வேணும்னாலும் சொருகுங்க தம்பி, கார்டுல இருக்கற நம்பருதான் பேசும்"னு கெளம்பும்போது சொன்னாங்க. அத நான் நல்லா மனசுல பதிய வச்சிக்கினேன். அங்க புடிச்சுது எனக்குச் சனி.

அப்புறம் காலம் மாறிப்போச்சு. தொப்பி வச்ச கார்டு போயி, தானே நம்பர் வாங்கிக்கற கார்டு வந்துச்சு. சுச்சு போட்டதும் மிஷினே பாத்து யார் யாருக்கு எந்த லைனுன்னு பிரிச்சிக் குடுக்கும். லைன் பத்தலைனா ரெண்டு பேர ஒரே லைன்ல போட்டுடும். மணி அடிச்சா, "நீயா கூப்பிட்ட? நீயா?"ன்னு அதுவே ஒவ்வொருத்தனா கேட்டுக்கும். ஊரே கை தட்டுச்சு. அந்தக்கா மட்டும் மொறைச்சாங்க.

"யாருக்கு எத்தன குடுத்தேன்னு நம்மள கேட்டுக் குடுக்குதா? இன்னைக்கு ஒண்ணு குடுக்கும், நாளைக்கு ஒரு கார்டு கூட சேந்தா எல்லாத்தையும் பிடுங்கி வேற மாதிரி குடுக்கும். பங்கு கெணறு தம்பி இது. நம்ம மொறையா, அடுத்தவன் மொறையான்னு தெரியாம மோட்டார் ஓடிக்கினு இருக்கும். ஒருத்தன் 'நான் இல்ல'ன்னு பொய் சொல்லிட்டான்னு வைங்க, மணி அடிச்சிக்கினே இருக்கும், மிஷினு தொங்கிடும்."

"இப்ப நல்லாதானக்கா ஓடுது?"

"நல்லா ஓடுதா? அப்பதான் பயமா இருக்குது."

சந்தேகப் பிராணின்னு சென்டர்காரங்க நாங்க எங்களுக்குள்ள சிரிச்சுக்குவோம். ஆனா கோட்டக்குப்பத்துல நான் கண்ணால ஒண்ணு பாத்தேன். அங்க ஒரு சென்டர்ல பழைய மானிட்டரு ஒண்ணு வெலைக்கு வருதுன்னு போயிருந்தேன். வளைகுடாவுல இருக்கற வீட்டுக்காரருங்க கிட்ட பேசறதுக்குப் பொம்பளைங்க மைக்க வச்சிக்கினு வரிசையா உக்காந்திருப்பாங்க. அதுல ஒருத்தவங்க அழுதுக்கினு எழுந்துட்டாங்க. "எப்ப வர்றீங்கன்னு கேட்டா போதும், அவரு கட் பண்ணிடறாரு. நாலு தடவ ஆச்சு." கூட வந்த மாமியாரு அதுக்கு ஒரு அர்த்தம் சொல்லிக்கினு இருந்தாங்க.

அந்த நேரம் பாத்து அந்தக்காவும் அங்க வேற வேலையா இருந்தாங்க. அழுதவங்கள மறுபடி உக்கார வச்சி, "பேசுங்க"ன்னுட்டு, ஓனரு கிட்ட ஒரு பேப்பர பிரிண்ட் குடுக்கச் சொன்னாங்க. பிரிண்டரு கர்ருனு இழுத்துச்சு, பேச்சு அறுந்துச்சு. பிரிண்ட் முடிஞ்சுது, பேச்சு வந்துச்சு. மூணு தடவ பண்ணிக் காட்டினாங்க. சவுண்ட் கார்டும் பிரிண்டரும் ஒரே லைன்ல கெடந்திருக்கு.

"உங்க வீட்டுக்காரரு கட் பண்ணலம்மா. இந்தச் சனியன்தான் பண்ணுது. அவர திட்டாதீங்க"னாங்க. அந்தம்மா முந்தானையால மொகத்தத் தொடைச்சிக்கினு மைக்குல அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. மாமியாருக்குதான் கொஞ்சம் ஏமாத்தம்.

இத கண்ணால பாத்தவன்தான் நான். பாத்துட்டும் அந்தக்காவுக்கு நான் பண்ணது இருக்கே, அதச் சொல்றேன்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு ரெண்டு வாரம் முன்னாடி என் மெயின் மிஷினு மோடத்து மேல அவங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு. அந்த ஒரு மோடத்துலேர்ந்துதான் நெட்வொர்க் கார்டு வழியா மத்த மூணு மிஷினுக்கும் நெட்டு போகும். "இவன வீட்டுக்கு எடுத்துக்கினு போய் ரெண்டு நாள் ஓட்டிப் பாக்கணும்"னு பையில போட்டுக்கினு போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சி கொண்டாந்து மாட்டி, மூடி, சீல் வச்சாங்க. நல்லா ஓடுச்சு.

பூஜை அன்னைக்கு மிஷினுக்கு வெளியில மட்டும் சந்தனம் வச்சா சாமி ஒத்துக்குமா? தச்சனா இருந்தா உளி சுத்தியல கழுவி வைக்கறான், பஸ்ஸுன்னா என்ஜின கழுவறான். நம்ம ஆயுதம் உள்ளதான இருக்குது. நாலு கேபினெட்டயும் தெறந்தேன். கார்டு எல்லாத்தையும் உருவி, பிரஷ்ஷால தூசி தட்டி, வாழ இலையில வரிசையா வச்சி, ஓரத்துல குங்குமம் தொட்டு வச்சேன். மூடிக்கும் உள்பக்கம் பாத்து ஒரு பொட்டு. சூடம் காட்டி, சுண்டல் பொரி குடுத்து, எல்லாத்தையும் திருப்பிச் சொருகினேன். எது எங்க இருந்துச்சுன்னு பாக்கல. எந்த ஸ்லாட்டா இருந்தா இன்னா, கார்டு நம்பருதான பேசும்.

ஸ்க்ரூவ முறுக்கும்போதுதான் பாலிஷ் உடைஞ்சது ஞாபகம் வந்துச்சு. அந்தக்கா வந்தா ஒரு மணி நேரம் விசாரணை நடக்கும். அந்த பேஜாருக்கு யாரு பதில் சொல்றது? வீட்டுக்கு ஓடினேன். "உனக்கு எதுக்குய்யா நகப்பாலிஷு?"ன்னு என் பொண்டாட்டி கேட்டா. "பூஜைக்கு"ன்னு சொல்லிட்டேன். பழைய பாலிஷ சொரண்டிட்டு, பதினாறு ஸ்க்ரூவுக்கும் அழகா ஒரு சொட்டு வச்சேன். பாத்தா எனக்கே வித்தியாசம் தெரியல.

அடுத்த வாரம் ஆரம்பிச்சுது. நெட்டுக்கு டயல் பண்ணா லைன் வரும். பக்கத்து மிஷின்லயும் ஒரு ஆளு உக்காந்து நெட்ட தொறந்தா, அஞ்சு நிமிஷத்துல மெயின் மிஷினு தொங்கிடும். அப்ளிகேஷன் போட வந்த பசங்க பாதியில எழுந்து எதுத்த சென்டருக்குப் போனாங்க. எனக்குத் தல சுத்திடுச்சு.

டீக்கடையில பக்கத்து சென்டர் ஓனரு ஒருத்தரு கேட்டாரு. "மோடத்த வீட்டுக்கு எடுத்துக்கினு போனாங்களா? ரெண்டு நாளா? அவ்ளோதான் போ. நல்லத உருவிக்கினு டூப்ளிகேட்ட மாட்டியிருக்கும் அந்தம்மா. ஊர் உலகத்துல நடக்கறதுதான?"

ஒரு வார்த்த. எனக்குள்ள பொகைஞ்சிக்கினு இருந்ததெல்லாம் குப்புன்னு எரிஞ்சிடுச்சு. அதான் பையக் குடுக்க மாட்டாங்களா. அதான் சீல் வைக்கறாங்களா. எல்லாரையும் திருடனா பாக்கறவங்களுக்குத் திருட்டு தெரியாமலா இருக்கும்?

வரச் சொல்லி போன் பண்ணேன். வந்தாங்க. வேணும்னே அந்த ஓனரையும் இன்னும் ரெண்டு பேரையும் கடையில உக்கார வச்சிருந்தேன். "யாரு தம்பி தெறந்தது?"ன்னு ஆரம்பிச்சாங்க.

"நீங்கதான்க்கா தெறந்தீங்க. உங்க சீலு அப்படியே இருக்குது பாருங்க. வேற யாரும் கைய வைக்கல. என் மோடத்த மாத்திட்டீங்க. ஒழுங்கா திருப்பிக் குடுத்துடுங்க."

சொல்லும்போது நெஞ்சுல சுருக்குன்னுதான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா சாமிக்குத் தொடச்சி வச்சது தெறந்ததுல சேருமா? எடுத்தேன், வச்சேன், அவ்ளோதானன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்.

அந்தக்கா குந்தி ஸ்க்ரூவப் பாத்தாங்க. விரலால ஒருதரம் தடவினாங்க. எழுந்து என் மூஞ்சியப் பாத்தாங்க. கத்துவாங்க, சண்ட போடுவாங்கன்னு எதிர்பாத்தேன். "சரி தம்பி"னாங்க. பைய எடுத்துக்கினு மாடிப்படி எறங்கிட்டாங்க.

"மடியில கனம் இல்லைனா கத்தியிருக்கும் இல்ல?"ன்னாரு அந்த ஓனரு. நாங்க எல்லாரும் தலையாட்டினோம். அந்த மாசத்துக்குள்ள ஏழு சென்டர்லயும் அவங்களக் கூப்பிடறத நிறுத்திட்டாங்க. நான்தான் கட கடயா போயி சொன்னேன். யாரும் கேக்கல, நானே போயி சொன்னேன்.

புது மோடம் வாங்கி அதே எடத்துல மாட்டினேன். தொங்குச்சு. புதுசும் மட்டம்னு நெனச்சேன். பாருங்க, அப்பக்கூட எனக்கு உறைக்கல. ஒரே நேரத்துல ரெண்டு பேர நெட்டுல உடாம, ஒருத்தர வெளியில உக்கார வச்சி, ஒரு வருஷம் ஓட்டினேன்.

அடுத்த ஆயுத பூஜை. மறுபடி உருவினேன், தொடச்சேன், எது எங்கன்னு பாக்காம சொருகினேன். மறுநாள் நாலு மிஷின்லயும் ஆளு உக்காந்தாங்க. தொங்கல. சாயந்தரம் வரைக்கும் தொங்கல. கடைய சாத்திட்டு, பொட்டியில கெடந்த பழைய மோடத்த எடுத்து மாட்டினேன். அந்தக்கா திருடி மாத்தினதா நான் சொன்ன அதே மோடம். அருமையா ஓடுச்சு. பக்கத்து ஸ்லாட்டுக்கு மாத்தினேன், தொங்குச்சு. திருப்பி மாத்தினேன், ஓடுச்சு. சுச்சு போட்டதும் ஓடற எழுத்த நிறுத்திப் பாத்தேன். தொங்கும்போது மோடத்துக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் ஒரே நம்பரு. ஓடும்போது வேற வேற. இந்தப் புது கார்டுங்களுக்கு எந்த ஸ்லாட்டுல குந்தறானுங்களோ அதப் பொறுத்துதான் மிஷினு லைன் குடுக்குது.

மூடியத் திருப்பினேன். உள்பக்கம் என் குங்குமப் பொட்டுக்கு அடியில பென்சில்ல எழுதியிருந்துச்சு: "மேலேர்ந்து ரெண்டாவதுல மோடம். மாத்தக் கூடாது."

மறுநாள் காலையிலயே திண்டிவனம் போனேன். விசாரிச்சா, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல ஒரு தகரக் கொட்டாயக் காட்டினாங்க. அந்தக்கா மிக்சி மோட்டாருக்குக் காயில் சுத்திக்கினு இருந்தாங்க. விரலெல்லாம் வார்னிஷு. விழுப்புரத்து வேல போனப்புறம் திண்டிவனத்துலயும் நெறைய பேரு கூப்பிடறது இல்லையாம். சேதி பஸ் ஏறிப் போயிருக்கு.

எல்லாத்தையும் சொன்னேன். பூஜ, குங்குமம், பொண்டாட்டி பாலிஷு, ஒண்ணு உடாம. காயில் சுத்தறத நிறுத்தாம கேட்டாங்க.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. என்னுது செகப்பு. நீங்க வச்சது ரோஸு."

"ஐயோ, அப்பவே சொல்லியிருக்கலாம் இல்லக்கா?"

"நாலு ஆம்பளைங்க குந்தினு இருக்கீங்க. நகப்பாலிஷ் கலரு வேறன்னு நான் சொன்னா கேப்பீங்களா, சிரிப்பீங்களா?"

நான் தலைய குனிஞ்சிக்கினேன். சிரிச்சிருப்போம். விழுந்து விழுந்து சிரிச்சிருப்போம்.

"மன்னிச்சிடுங்கக்கா. நான் போயி எல்லா கடையிலயும் சொல்லிடறேன்."

"நீங்க சொல்லுவீங்கன்னு நான் எப்படி நம்பறது?" காயில கீழ வச்சாங்க. "நானும் வர்றேன். என் காதால கேக்கணும்."

அதே பஸ்ல வந்தோம். அவங்க டிக்கெட்ட அவங்களே எடுத்துக்கினாங்க. முன்னாடி லேடீஸ் சீட்டுல போயி உக்காந்தவங்க ஒருதரம்கூட திரும்பிப் பாக்கல.

ஆறு கடை. ஒவ்வொரு கடையிலயும் அவங்க வாசல்லயே நின்னுக்குவாங்க, நான் உள்ள போயி சொல்லணும். மொத கடையில, "அந்த மோடம் விஷயத்துல ஒரு சின்ன தப்பு நடந்துடுச்சு"ன்னு இழுத்தேன். வாசல்லேர்ந்து கொரல் வந்துச்சு. "யாரு பண்ணதுன்னு சேத்துச் சொல்லுங்க தம்பி." திரும்ப மொதல்லேர்ந்து சொன்னேன். நான்தான் தெறந்தேன். நான்தான் மாத்திச் சொருகினேன். சீலையும் நானே வச்சிட்டு, இவங்க மேல பழி போட்டேன். ஒருத்தரு, "அட உடுப்பா, பழைய கத"ன்னாரு. ஒருத்தரு என்ன ஏற எறங்கப் பாத்துட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கினாரு. ஒரு கடைய ஓனரு வித்துட்டுப் போயிட்டாரு. புதுசா வந்தவரு கிட்டயும் சொல்லணும்னு அந்தக்கா நின்னுட்டாங்க. அந்த மனுஷனுக்கு ஒண்ணும் புரியல, "சரிங்க, சரிங்க"ன்னு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. நாலாவது கடைக்கு வரும்போது எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கினு நின்னுச்சு. அந்தக்கா அதையும் பாத்துட்டு, அடுத்த கடைக்கு நடந்தாங்க.

கடைசியா, டீக்கடையில எனக்குத் தூபம் போட்ட அந்த ஓனரோட சென்டரு. நான் சொல்லி முடிச்சேன். அவருக்கும் அதுல பங்கு உண்டுன்னு அவருக்குத் தெரியும். அப்புறம் வாசலப் பாத்து, "உள்ள வாங்கம்மா"னாரு. "எங்கிட்டயும் ஒரு மிஷினு நாலு நாளா தொங்கிக்கினு கெடக்குது. ஜல்தியா ஒரு பார்வ பாத்துடறீங்களா?"

அந்தக்கா உள்ள வந்தாங்க. டூல்ஸ் பை கையிலதான் இருந்துச்சு. தகரக் கொட்டாயிலேர்ந்து கெளம்பும்போதே எடுத்து வச்சிக்கினு வந்திருக்காங்க, எனக்குத்தான் கண்ணுல படல. கீழ குந்தி கேபினெட்ட இழுக்கப் பாத்தாங்க. மேல மானிட்டரு கனமா இருந்துச்சு. கை குடுக்கலாம்னு நான் ஓடினேன். அந்த நிமிஷம் எனக்கு அவ்ளோ சந்தோஷம். எல்லாம் சரியாயிடுச்சுன்னே நெனச்சிட்டேன்.

அவங்க நிமிந்து என்னப் பாத்தாங்க.

"வாணாம் சார். நீங்க கெளம்புங்க."

அத்தன வருஷத்துல, திருட்டுப் பட்டம் கட்டின அன்னைக்குக்கூட, அவங்க வாயிலேர்ந்து எனக்கு 'தம்பி'தான் வந்திருக்கு. நான் மானிட்டர்ல வச்ச கைய எடுத்துட்டு, அங்க இருந்த ஓனரு மூஞ்சியக்கூடப் பாக்காம, செருப்ப மாட்டிக்கினு வெளியில வந்தேன்.